கொடியில் துணி போடுகிற பெண்ணைப் பார்க்கப் போனது

மாநில அரசுத் திணைக்களம் ஒன்றில், பொதுமக்களின் முறைப்பாடுகளுக்குப் பதில் எழுதும் பிரிவில் வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். "உங்கள் கருத்து கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது" என்பதை எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் எழுதியிருக்கிறேன். அதனால் மெரிலேண்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு ஆலோசனை கேட்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விசா மறுக்கப்பட்டவர்கள், வேலி உயரமென்று நகரசபையிடம் கடிதம் வாங்கியவர்கள், தாயாரை முதியோர் பராமரிப்பில் பதியப் போய் அலுவலகத்துக்கு அலுவலகம் உதைபட்டவர்கள். எங்கள் குசினி மேசையில் இருந்து தேநீர் குடித்து, நான் சொன்னபடி எழுதி, பெரும்பாலும் காரியத்தை முடித்துக்கொண்டவர்கள்.

என் மனைவி என்னிடம் கேட்டது ஒரே ஒரு காரியம். ஒரு படத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். அதை நான் எப்படிக் குழப்பிவைத்தேன் என்பதை எழுதினால் கோபம் கொஞ்சம் ஆறும் என்று நினைக்கிறேன். யார்மேல் கோபம் என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.

அவளுக்குக் கண்ணின் நடுப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது. பரமட்டாவில் கண் மருத்துவர் அவளுடைய விழித்திரையைக் கணினியில் பெரிதாக்கிக் காட்டினார். ஓரங்கள் நன்றாகவே இருந்தன. நடுவில் மட்டும் தேநீர்க் கறை மாதிரி ஒன்று. கண்ணுக்குள் ஊசி போட்டால் மெதுவாகும், ஆனால் நிற்காது என்றார். ஊசிக்கு நான்தான் பயந்தேன். அவள் போட்டுக்கொண்டு வெளியே வந்து, ரயிலில் ஜன்னலோரம் இருந்து, எதிரே இருந்தவர்களை ஆராய்ந்தாள்.

"ஆக்களின்ர காது வடிவாத் தெரியுது. முகந்தான் இல்லை."

"காலப்போக்கில பழகிடும் எண்டு டொக்டர் சொன்னவர்."

"அவருக்கென்ன, சொல்லுவார்." ஜன்னல் பக்கம் திரும்பினாள். பிறகு, "இஞ்சாருங்கோ, அந்தப் படத்தை ஒருக்கால் பாக்கோணும். உள்ளது போக முதல்," என்றாள்.

எந்தப் படம் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் படம் என்றால் ஒன்றுதான்.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நான் பகலில் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையிலும் மாலையில் வகுப்பிலும் இருந்தேன். தாவரவியல் பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாத அவள், கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து ரயிலேறி நகரத்துக்குப் போவாள். அங்கே பெரிய ஓவியக் காட்சியகம் ஒன்று. உள்ளே போகக் கட்டணமில்லை, வெயிலில்லை, சுத்தமான கழிப்பறை உண்டு. "ஒருத்தரும் வந்து என்ன வேணும் எண்டு கேக்காத இடம்" என்பாள். கடைகளில் அவளை அப்படிக் கேட்டுக்கொண்டே பின்தொடர்ந்தார்கள்.

அதன் பக்கத்து அறை ஒன்றில் அந்தப் படம் தொங்கியது. அமெரிக்கப் பெண் ஓவியர் ஒருவர் செய்தது. அப்போது அவர் உயிரோடிருந்தார். புத்தக அட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. கறுப்பு மையில் ஒரு வீட்டின் பின்வளவு, மங்கல் நேரம், ஒரு கொடி. கைகளை உயர்த்தித் துணி போடுகிற ஒரு பெண். அவ்வளவுதான்.

அது மோனோடைப் என்ற வகை. வழுவழுப்பான உலோகத் தகட்டில் மையை அப்பி, துணியாலும் விரலாலும் தூரிகைக் காம்பாலும் வேண்டிய இடத்தில் துடைத்தெடுத்து, அதன்மேல் ஈரக் காகிதத்தை வைத்து அழுத்துவார்கள். துடைத்த இடம் வெள்ளையாக வரும். தகட்டில் எதையும் வெட்டிச் செதுக்குவதில்லை என்பதால் மை போனால் படமும் போயிற்று. நல்ல பிரதி ஒன்றுதான் கிடைக்கும். மை காய்வதற்குள் முடித்துவிடவும் வேண்டும். இதையெல்லாம் அவள் சுவரில் ஒட்டியிருந்த குறிப்பில் வாசித்து வந்து, நான் சாப்பிடும்போது எனக்குச் சொன்னாள்.

"உதில அப்பிடி என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"அவசரம் இருக்கு. அந்த மனுசி யோசிக்க நேரமில்லாமல் செய்திருக்கிறா. நல்லா இருக்கு."

ஒவ்வொரு வேலை விண்ணப்பத்தையும் பலமுறை திருத்தி எழுதிக்கொண்டிருந்த காலம் அது. அவசரம் ஒரு சிறப்பு என்பது எனக்கு அன்றும் பிடிபடவில்லை, இன்றும் இல்லை. பிறகு அவளுக்கும் வேலை கிடைத்தது, வீடு வாங்கினோம், பிள்ளை வளர்ந்து மெல்பேர்னுக்குப் போனாள். படத்தை எப்போதோ சுவரிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவள் மட்டும் அதை மனதில் வைத்திருந்தாள். யாராவது கொடியில் துணி போடும்போது, "அவளை மாதிரி" என்பாள்.

இப்போது அவளுக்கு வந்திருந்தது ஒரு சந்தேகம். அந்தப் பெண் துணியைப் போட்டபடியே முகத்தைத் திருப்பி நம்மைப் பார்க்கிறாள் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். ஒரு நாள் காலையில் எழும்பி, "அவள் திரும்பேல்லையோ எண்டு கிடக்கு. முதுகு மட்டுந்தானோ தெரியேல்ல," என்றாள். அன்றிலிருந்து அது அவளை அரித்தது. முகங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் இந்த ஒரு முகம் இருந்ததா இல்லையா என்பது அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

காட்சியகத்தின் இணையதளத்தில் படம் அகப்பட்டது. ஓவியரின் வாரிசுகளிடம் உரிமை இருப்பதால் தபால்முத்திரை அளவில்தான் போட்டிருந்தார்கள். பெண்ணின் தலை ஒரு உளுந்து. மெல்பேர்னிலிருந்து மகள் தொலைபேசியில் கட்டளையிட்டாள்.

"அப்பா, ரீவியோட கனெக்ட் பண்ணிப் பெருப்பிச்சு விடுங்கோ. சிம்பிள்."

பெருப்பித்தேன். தலை இருந்த இடத்தில் சாம்பல் நிறச் சதுரங்கள். மனைவி தொலைக்காட்சிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு, ஒருபக்கம் சரிந்து, மறுபக்கம் சரிந்து பார்த்தாள்.

"இது குளியலறை ரைல்ஸ்," என்றாள். "அணையுங்கோ."

படம் காட்சியில் இல்லை, களஞ்சியத்தில் இருந்தது. காகிதத்தில் உள்ளவற்றைச் சில காலம் சுவரில் வைத்தால் பல காலம் இருட்டில் வைத்துவிடுவார்கள், வெளிச்சம் தின்றுவிடும் என்பதால். இருட்டில் இருப்பதை யாரும் கேட்டுப் பார்க்கலாம். அதற்கென்று ஒரு வாசிப்பறை உண்டு. இணையதளத்தில் ஒரு கோரிக்கைப் படிவமும், அதன் கீழே ஒரு தொலைபேசி இலக்கமும் இருந்தன. இலக்கத்தை நான் பொருட்படுத்தவில்லை. படிவம் இருக்கும்போது தொலைபேசி எடுப்பவர்களைப் பற்றி எங்கள் பிரிவில் எங்களுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது.

"பார்வையிட விரும்பும் காரணம்" என்றொரு கட்டம். சாதாரண மனிதன் "பார்க்க விருப்பம்" என்று எழுதிவிட்டுப் போயிருப்பான். நான் ஒரு பிற்பகல் முழுதும் இருந்து எழுதினேன். மனைவியின் நோய், அதன் நிலை, அது எந்த வேகத்தில் போகிறது, அதனால் அவளுக்குச் சாதாரணத்தைவிடக் கூடிய வெளிச்சமும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் கூடுதல் நேரமும் தேவைப்படும் என்பது, உடற்குறை உள்ளவர்களுக்கு நியாயமான வசதி செய்துதர வேண்டிய கடப்பாடு. அச்சுப்பிழை பார்த்து, மனைவிக்கு வாசித்தும் காட்டினேன்.

"படம் பாக்கவோ, வழக்குப் போடவோ?" என்று கேட்டாள்.

இங்கேதான் நான் சறுக்கியது. இதை என்னைப் போன்ற ஒருவன்தான் செய்வான். கேட்டதைக் கொடுக்கும் மேசைக்கு ஒரு கோரிக்கை போகிறது. அதில் யாரும் கேட்காத ஒரு விசேட விஷயத்தைச் சேர்த்துவிட்டால், அந்த மேசைக்கு அதைத் தீர்க்க அதிகாரம் இல்லாமல் போய்விடுகிறது. அது மேலே போக வேண்டும். மேலே போனது பக்கவாட்டில் போக வேண்டும். மற்றவர்களின் கடிதங்களை இப்படிப் பக்கவாட்டில் அனுப்பியே சம்பளம் வாங்கிய நான், என் மனைவியின் கண்ணை அதே பாதையில் அனுப்பிவைத்தேன்.

முதல் பதில் மரியாதையாக வந்தது. கூடுதல் வெளிச்சம் தொடர்பாகக் காகிதப் பாதுகாப்புப் பிரிவின் கருத்து கோரப்பட்டிருக்கிறதாம். அடுத்தது, அணுகல் வசதி இணைப்பாளருக்கும் பிரதி அனுப்பப்பட்டிருக்கிறது என்றது. அதற்கடுத்தது, கொண்டுவரும் உருப்பெருக்கியில் விளக்கு உண்டா, எவ்வகை விளக்கு, மருத்துவர் கடிதம் உண்டா என்று கேட்டது. எல்லாவற்றுக்கும் இணைப்புகளோடு பதில் எழுதினேன். அவர்களும் நன்றாகத்தான் எழுதினார்கள். "இவ்விடயம் தொடர்பில் உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று ஒரு கடிதம் முடிந்தது. நான் பொறுமையாக இருப்பதாக அவர்களுக்கு யார் சொன்னார்கள்? ஆனால் அந்த வாக்கியத்தை நானே கணக்கில்லாமல் எழுதியிருக்கிறேன். யாரும் என்னை இந்தக் கேள்வி கேட்டதில்லை. கேட்டிருந்தால் அதற்கும் நன்றி சொல்லியிருப்பேன்.

இதற்கிடையில் வீட்டில் சாமான்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. சுவர் மணிக்கூட்டின் முள் போயிற்று. அடுப்புத் திருகியின் இலக்கங்கள் போயின. அவள் விரலால் தடவி அளவு பிடித்தாள். கோயிலில் ஒரு அன்ரியைத் தன் சிநேகிதி என்று நினைத்துக் கையைப் பிடித்து, அவருடைய மருமகளைப் பற்றி அவரிடமே முறையிட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தாள். பிறகு கோயிலுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள்.

"போன் எடுத்துக் கேட்டால் என்ன?" என்றாள் ஒரு நாள்.

"போனில கதைச்சது பதிவில இராது. நாளைக்கு இல்லையெண்டால் நீர் என்னத்தைக் காட்டுவீர்?"

"எனக்குப் பதிவு வேண்டாம். படம் வேணும்."

"முறையெண்டு ஒண்டு இருக்கெல்லே."

"முறை இருக்கட்டும். எனக்குக் கண் இருக்காது."

மகள் அப்போது தொலைபேசியின் ஒலிபெருக்கியில் இருந்தாள். "அப்பா, ஐ லவ் யூ, பட் நீங்கள்தான் டிலே," என்றாள். தாயும் மகளும் சேர்ந்து சிரித்தார்கள். நான் எழுந்து வெளியே போய், குப்பைத் தொட்டியை வீதியோரத்துக்குத் தள்ளி வைத்தேன். அன்றைக்குக் குப்பை எடுக்கும் நாளல்ல.

திரும்பி வந்தபோது காரியம் முடிந்திருந்தது. மகள் இலக்கத்தைத் தேடி இணைத்துக் கொடுத்திருக்கிறாள். என் மனைவி தன்னுடைய பள்ளிக்கூட ஆங்கிலத்தில் ஓர் அச்சுப்படத்தைப் பார்க்க வரலாமா என்று கேட்டிருக்கிறாள். வரும் புதன்கிழமை பிற்பகல் இடம் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். கண்ணைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

"இப்ப ஒரே விஷயத்துக்கு ரெண்டு கோரிக்கை," என்றேன். "என்ர முடிவாகாமல் கிடக்கு. உது ஒழுங்கில்லை."

"உங்கட அங்கயே கிடக்கட்டும். நான் புதன்கிழமை போறன். நீங்களும் வாறதெண்டால் வாங்கோ."

போனோம். வாசிப்பறை நிலக்கீழ்த் தளத்தில் இருந்தது. பையையும் தொலைபேசியையும் விளக்குள்ள உருப்பெருக்கியையும் பெட்டகத்தில் வைத்துப் பூட்டச் சொன்னார்கள். பேனா கூடாது, பென்சில் மட்டும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்த பிறகுதான் மேசை. பொறுப்பாக இருந்தவர் ஐம்பது வயதுக்காரி, காதில் பென்சில் செருகியிருந்தார். சாம்பல் நிறப் பெட்டியைத் திறந்து, மெல்லிய தாளை விலக்கி, தடித்த அட்டைச் சட்டத்தில் வைத்திருந்த படத்தை அவளுக்கு முன்னால் மேசையில் கிடத்தினார். அறையின் வெளிச்சம் மழைநாள் மாலைபோல இருந்தது. மேசைவிளக்கு ஒன்று, குறைத்து வைக்கப்பட்டிருந்தது.

அவள் நெடுநேரம் குனிந்திருந்தாள்.

"என்ன தெரியுது?"

"சாம்பல்."

நான் நிமிர்ந்தேன். இந்த இடத்துக்காகத்தான் என் வாழ்நாள் முழுவதும் பயிற்சி எடுத்திருக்கிறேன் என்று தோன்றியது. என் மனைவிக்குப் பார்வைக் குறைபாடு, விளக்கைக் கொஞ்சம் கூட்ட முடியுமா என்று அந்த அம்மாவிடம் ஆங்கிலத்தில், மிகப் பணிவாகக் கேட்டேன்.

அவர் விளக்கின் திருகியில் கையை வைத்தார். வைத்த கையை உடனே எடுத்தார்.

"மன்னிக்க வேண்டும். இதே படத்துக்குக் கூடுதல் வெளிச்சம் கேட்டு ஏற்கனவே ஒரு விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது. யாரோ ஒரு கனவான். மிக விரிவாக எழுதியிருக்கிறார்."

"அது நான்தான்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் மனைவியைப் பார்த்தார். விண்ணப்பம் இல்லாதிருந்தால் என் பொறுப்பிலேயே கொஞ்ச நேரம் கூட்டியிருப்பேன், எங்களுக்கு அந்த அளவு சுதந்திரம் உண்டு என்றார். இப்போது தீர்மானம் பாதுகாப்புப் பிரிவிடம் இருக்கிறது. அவர்கள் பரிசீலிக்கும்போது நான் கூட்டினால் அது சரியாகாது என்றார்.

அவர் சொன்னது சரி. அதுதான் என்னைச் சுட்டது. அவருடைய கதிரையில் நான் இருந்திருந்தால் திருகியில் கையைக்கூட வைத்திருக்க மாட்டேன். அப்படியானால் விண்ணப்பத்தை இந்த நிமிடமே மீளப் பெறுகிறேன் என்றேன். மீளப்பெறுவது எழுத்தில் வர வேண்டும் என்றார். பென்சில் தாருங்கள், எழுதித் தருகிறேன் என்றேன். விண்ணப்பித்த அதே மின்னஞ்சலில் இருந்து வர வேண்டும் என்றார். தொலைபேசி பெட்டகத்தில் இருக்கிறது, எடுத்துவருகிறேன், ஆனால் அனுப்பினால் உடனே யார் பார்ப்பார்கள் என்றேன். அந்தப் பிரிவில் புதன்கிழமை பிற்பகலில் கூட்டம் என்றார். அப்படியானால் கூட்டத்தில் இருப்பவருக்குப் பதில்கடமையில் ஒருவர் இருக்க வேண்டுமே என்றேன்.

"இஞ்சாருங்கோ," என்றாள் என் மனைவி. "வாயை மூடுங்கோ."

நாற்பது வருடத் தாம்பத்தியத்தில் அவள் அந்தச் சொற்களைப் பாவித்தது அதுதான் முதல்தடவை. அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் விளங்கியிருக்கும்.

"எங்கட நேரமெல்லாம் போகுது. இந்தப் பக்கம் வாங்கோ. படத்துக்கு அங்கால, எனக்கு எதிரில. கையை மேசையில வையுங்கோ."

"என்ன கை?"

"உங்கட கைதான். எனக்குப் பாக்கிறதுக்கு ஏதாவது வேணும்."

விளங்காமல் நின்றேன். அவள் பொறுமையில்லாமல் சொன்னாள்: பார்க்கிற இடந்தான் மறைகிறது, பார்க்காத இடம் தெரிகிறது. படத்தைப் பார்த்தால் படம் போகும். அதனால் படத்துக்குப் பக்கத்தில் வேறொன்றைப் பார்க்க வேண்டும். பார்வை அலையாமல் அதிலேயே நிற்க வேண்டும். வெறும் மேசையில் கண் வழுக்கிக்கொண்டு போகிறது.

கையை மேசையில் வைத்தேன். அந்த அம்மா காதிலிருந்து பென்சிலை எடுத்து, அட்டைச் சட்டத்திலிருந்து என் விரல்களைச் சற்றுத் தள்ளிவைக்கும்படி அதனால் சுட்டிக் காட்டினார். தள்ளி வைத்தேன்.

"மேல கொஞ்சம். கூடிப்போச்சு, கீழ. இன்னும் இடப்பக்கம்." சந்தையில் கிடக்கும் மீனைப் பார்ப்பதுபோல அவள் என் கையைப் பார்த்தாள். "மோதிரம் தெரியுது. மோதிரமும் போகோணும். இன்னும் கொஞ்சம்."

நகர்த்தினேன்.

"ஓம். இப்ப கை இல்லை. அப்பிடியே வையுங்கோ."

அவள் என் கை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, தனக்குத்தானே சொல்வதுபோல, "கொடி," என்றாள். "வெள்ளைத் துணி. துணியில்லை, சீலை மாதிரி. காத்தில தூக்குது." மூச்சை உள்ளே இழுத்தாள். "கை ரெண்டும் மேல."

"திரும்பிறாளோ?"

"பொறுங்கோ எண்டால்."

நான் நின்ற பக்கத்திலிருந்து படம் தலைகீழாகத் தெரிந்தது. கறுப்புக்குள் கொஞ்சம் வெள்ளை. எது துணி, எது பெண் என்று எனக்குப் பிடிபடவில்லை. முழுப்பார்வை உள்ள இரண்டு கண்களோடு, என் வரிப்பணமும் சேர்ந்து பேணிய படத்துக்கு முன்னால், ஒன்றும் தெரியாமல் நின்றேன். குனிந்து தலையைச் சரித்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். குனிந்தால் கை அசையும்.

"முகமெண்டு ஒண்டும் கீறேல்ல," என்றாள். "பெருவிரலால ஒருக்கால் அமத்திப்போட்டு விட்டிருக்கிறா. ரேகைகூடக் கிடக்கு."

"அப்ப திரும்பேல்ல."

"இல்லையப்பா, திரும்பித்தான் நிக்கிறாள். அந்த விரல்தான் முகம்."

அந்த அம்மா எங்களை விட்டு விலகி, ஒரு பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். சுவரில் மணிக்கூடு எங்கள் நேரம் முடிந்ததைக் காட்டியது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. விதிப்படி அவர் திரும்பியிருக்க வேண்டும். நான் அதைச் சொல்லவில்லை.

என் மணிக்கட்டு உளையத் தொடங்கியது. கையை எடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"எடுக்காதேங்கோ," என்றாள். "எடுத்தால் அவள் போயிடுவாள்."